விற்ற கையே ஊதச் சொல்கிறது

முதலில் ஒரு கணக்கு. டாஸ்மாக் கடையில் கிடைக்கிற பிராந்தி, விஸ்கி, ரம்மில் ஆகச் சிறியது குவார்ட்டர் பாட்டில். 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். பெருக்கிப் பார்த்தால் 77 மில்லி. எடையில் 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆள் அதை ஒரே இழுப்பில் இறக்கினால் (பத்து மணிக்குக் கடை சாத்துகிற அவசரத்தில் வேறெப்படி இறக்குவார்?) அவருடைய 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறும். வண்டி ஓட்டுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு விட்டுவைத்திருப்பது 30.

நான்கு மடங்கு. சரி, பாதியைக் கூட்டாளிக்கு ஊற்றிவிட்டு இவர் கட்டிங் மட்டும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு மடங்கு. பீர்தானே என்கிறீர்களா? 650 மில்லி பாட்டிலில் வெறும் ஐந்து சதவீதம் என்றாலும் வரம்பு தாண்டிவிடும். ஸ்ட்ராங் பீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, தமிழ்நாடு அரசு தன் கடையில் வைத்து விற்கிற ஏறக்குறைய எந்தச் சரக்கானாலும் சரி, ஒரே ஒரு பாட்டில் வாங்கி முழுசாகக் குடித்துவிட்டு சாவியைத் திருகினால், அதே அரசின் காவல்துறை உங்களைக் குற்றவாளி என்று ஓரம்கட்டலாம். இவ்வளவு கச்சிதமாக இரண்டு துறைகள் ஒத்துழைக்கிற இன்னொரு திட்டத்தை இந்த மாநிலத்தில் யாராவது காட்டினால் மாலை போடத் தயாராக இருக்கிறேன்.

ஏறியது எப்போது இறங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மந்திரியும் சொல்லமாட்டார். கல்லீரல் பழைய காலத்து அரசாங்க குமாஸ்தா மாதிரி. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் பைல் பார்க்கும். மேலிடத்து சிபாரிசு வந்தாலும் அதற்கு மேல் ஒரு தாள் நகராது. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் போட்டவர் சட்டப்படி வண்டியைத் தொடத் தகுதி பெறுவது விடிகாலை நாலு மணிக்கு. இரண்டு குவார்ட்டர் போட்டவர் மறுநாள் காலை எட்டரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதும் போதையில்தான் போகிறார். குளித்து, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டு, பிள்ளையை டேங்க் மேல் உட்காரவைத்து, ரத்தத்தில் சட்ட வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சுமந்துகொண்டு போகிறார். "நைட்டு அடிச்சது சார், தூங்கி எந்திரிச்சாச்சு" என்பார். தூக்கம் அவருக்குத்தான். ஆல்கஹாலுக்கு இல்லை.

எலுமிச்சம்பழம், மோர், பில்டர் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், ஏலக்காய், ஹால்ஸ், ஜர்தா பீடா, நாக்குக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் என்று இந்த நாட்டில் போதை இறக்க இருக்கிற வைத்தியங்களைத் தொகுத்தால் தனி மருத்துவக் கல்லூரியே தொடங்கலாம். ஒன்றும் வேலை செய்யாது. கருவி மோப்பம் பிடிக்கிற நாய் இல்லை. வாய் நாற்றத்தை அது பார்ப்பதே கிடையாது. நுரையீரலின் அடியிலிருந்து வருகிற காற்றை அளக்கிறது. அந்தக் காற்று ரத்தத்திலிருந்து நேராக வருகிறது. ஏலக்காய் மென்றால் ஏலக்காய் மணத்தோடு மாட்டிக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

இப்போது கடை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2003 நவம்பர் 29ஆம் தேதி சில்லறை மது விற்பனையை அரசே கையில் எடுத்தது. முதல் ஆண்டில் வருவாய் 3,600 கோடி ரூபாய் சொச்சம்; 2024-25இல் அது 48,000 கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் எத்தனை தேர்தல், எத்தனை வாக்குறுதி! 2016இல் ஐந்நூறு கடை மூடினார்கள், 2017இல் இன்னொரு ஐந்நூறு, 2023 ஜூனில் மறுபடி ஐந்நூறு. மொத்தத்தில் கடை குறைந்தது, வருமானம் கூடியது. பள்ளிக்கூட வாத்தியார்களே, இதை மாணவர்களுக்கு விளக்க முடிந்தால் விளக்குங்கள்.

குடித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டிச் சாகிறார்களே என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்து டெல்லிவரை போனவர் யாரோ சாராய முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு. "சாலை ஓரத்தில் சாராயம் விற்க எனக்கு உரிமை வேண்டும்" என்று மக்கள் வரிப்பணத்தில் வக்கீல் வைத்து வாதாடியது. தோற்றது. 2017 ஏப்ரல் பிறந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு விழுந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பல மாநிலங்கள் நெடுஞ்சாலையை நகர்த்த முடியாததால் அதன் பெயரை மாற்றின: நேற்றுவரை மாநில நெடுஞ்சாலை, இன்றுமுதல் ஊராட்சி வீதி. தமிழ்நாடும் சாலைகளை உள்ளாட்சிகளிடம் தள்ளிவிடப் பார்த்தது; உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. பிறகு 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்து எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தது. கிராமப்புறத்துக் கடைகள் மட்டும் இடம் தேடி அலைந்தன. ஊருக்குள் வைக்கப் போனால் பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் அப்படி மறியல் செய்த ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை ஊரே பார்த்தது. கடைசியில் கடைகள் எங்கே போயின? தோப்புக்குள், கரட்டுக்காட்டில், வயல் வரப்பைத் தாண்டி, சுடுகாட்டுப் பாதையில். டவுன் பஸ் போகாத இடம், ஆட்டோ வராத இடம், தெருவிளக்கு இல்லாத இடம்.

அங்கே எப்படிப் போவது? வண்டியில்தான். எப்படித் திரும்புவது? அதைத்தான் சட்டம் பார்த்துக்கொள்கிறது. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று வந்த தீர்ப்பை நிறைவேற்றிய அழகில், ஓட்டாமல் குடிக்கவே முடியாத நிலையை உண்டாக்கியிருக்கிறோம். ஊருக்குள் இருந்த காலத்தில் நடந்து போய்க் குடித்து, நடந்து வந்து, திண்ணையில் விழுந்து கிடந்தார்கள். பெண்டாட்டி கையால் அடி வாங்கினார்களே தவிர, லாரியில் அடிபடவில்லை. (ஊருக்குள்ளேயே கடையை வை என்று நான் சொல்வதாக எந்த அதிகாரியாவது குறிப்பெழுதினால் அவரைச் சும்மா விடமாட்டேன்.)

பாரைப் பாருங்கள். கடையோடு ஒட்டிய பாருக்கு ஏலம் விடுவது அரசு. வாசலில் நாற்பது பைக் நிறுத்த இடம். வரிசையாக நிறுத்தித் தர ஒரு பையன். டோக்கன் பத்து ரூபாய். பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும்போது நாற்பது பைக்கும் கிளம்புகின்றன. அதே பையன் வண்டியைத் தள்ளி, திருப்பி, ஸ்டார்ட் செய்துகூடக் கொடுக்கிறான். பாட்டிலின் மேல், குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 முதல் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. எழுத்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. நிதானத்தில் இருக்கும்போது படிப்பதற்காக இருக்கும்.

அடுத்த திருப்பத்தில் பேரிகேட்.

இந்த இரவுக் காட்சியைப் பார்க்காத தமிழர் இல்லை. இரண்டு பேரிகேட், ஒரு ஜீப், ஒளிரும் கோட்டு போட்ட நாலைந்து பேர், கையில் செல்போன் பருமனில் ஒரு கருவி. தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. பழகியவன் பேரிகேட்டுக்கு முந்தின சந்தில் திரும்பிவிடுகிறான். மாட்டுவது யார்? சந்து தெரியாதவன், வண்டி இழுக்காதவன், சிபாரிசு இல்லாதவன். எக்ஸெல்லில் சட்டி, கரண்டியோடு வருகிற கொத்தனார். மீன்கூடை கட்டிய பழைய ஸ்பிளெண்டர்.

"எங்கய்யா குடிச்ச?"

"நம்ம கடையிலதான் சார்."

நம்ம கடை! எவ்வளவு உண்மையான பதில். அரசு தன் வாடிக்கையாளரை முதன்முறையாக நேருக்கு நேர் சந்திக்கிற இடம் அதுதான். கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் பத்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வந்தவர், பாரில் தண்ணீர் பாக்கெட்டுக்கும் சுண்டலுக்கும் தண்டம் கட்டிவிட்டு வந்தவர், இப்போது மூன்றாவது கவுண்டரில் நிற்கிறார். முதல் தடவை மாட்டினால் பத்தாயிரம் ரூபாய், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை என்றால் பதினைந்தாயிரம், இரண்டு வருடம்வரை. 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு இது இரண்டாயிரம்வரைதான் இருந்தது. பத்தாயிரம் என்பது அந்தக் கொத்தனாரின் பல நாள் கூலி. பழைய எக்ஸெல்லை விற்றாலும் அவ்வளவு தேறாது. அதனால்தான் காவல் நிலைய வாசல்களில் துருப்பிடித்த வண்டிகள் கொடியேறிக் கிடக்கின்றன. கட்டுவதைவிட விட்டுவிடுவது லாபம் என்று ஏழைக்கும் கணக்குத் தெரியும்.

அதே பேரிகேட்டில் ஒரு வெள்ளை எஸ்.யு.வி. வருகிறது. முன்னால் கட்சிக்கொடி. கண்ணாடி பாதிதான் இறங்குகிறது. "யாரு டூட்டில? எஸ்.ஐ. பேரு என்ன? இந்தா, அண்ணன் பேசறாரு." போன் நீள்கிறது. ஊத வேண்டிய வாய் பேசிக்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டிய காது விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறது. இந்தக் கருவிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. இரண்டு சக்கரத்தில் துல்லியமாக வேலை செய்யும். நாலு சக்கரம் என்றால் தடுமாறும். கொடி கட்டிய நாலு சக்கரம் என்றால் பேட்டரி இறங்கிவிடும். பிரஸ், போலீஸ், வக்கீல் என்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிகிற கூட்டத்தைச் சகிக்க முடியாமல், 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீசே ஸ்டிக்கர்களைக் கிழிக்கக் கிளம்பியது. ஸ்டிக்கர் போய்விட்டது. போன் போகவில்லையே.

எரிச்சலோடு இருந்தாலும், வண்டி ஓட்டுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பேரிகேட்டில் நிற்கிற இரண்டு தரப்புக்கும் அது தெரிவதில்லை.

உங்களை ஊதச் சொல்கிறவர் சீருடையில் இருக்க வேண்டும், அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலராக இருக்க வேண்டும். சாதாரணச் சட்டையில் வந்து "நான் ஸ்டேஷன்லேருந்து வர்றேன்" என்கிறவருக்கு நீங்கள் புல்லாங்குழல் ஊதிக் காட்ட வேண்டியதில்லை. கருவியின் வாயில் உங்கள் முன்னாலேயே புதுக் குழல் மாட்டச் சொல்லுங்கள். முந்தின ஆசாமியின் எச்சிலைப் பகிர்ந்துகொள்ளச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஊதுவதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். இருமல் மருந்தோ, அரிஷ்டமோ, வாய் கொப்பளிக்கிற மருந்தோ அப்போதுதான் வாயில் பட்டிருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் ஒட்டியிருப்பது அதற்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. துளிகூடக் குடிக்காதவரைக் குடித்ததாக ஒரு கருவி காட்ட, வேறு கருவி பூஜ்யம் காட்டிய கூத்து சென்னையிலேயே நடந்திருக்கிறது. எனவே அளவும் நேரமும் அச்சான சீட்டைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊதமாட்டேன் என்று வீரம் பேசாதீர்கள். மறுக்கிற ஆளிடம் குடித்த அறிகுறி தெரிந்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்கிறது 203ஆம் பிரிவு. காரணமில்லாமல் மறுத்ததையே உங்களுக்கு எதிரான சாட்சியாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வழிசெய்கிறது 205ஆம் பிரிவு. 185இல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இதை நான் சொல்லவில்லை, 202ஆம் பிரிவு சொல்கிறது. பெண்ணாக இருந்தால் ரத்தம் எடுப்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பெண் உடனிருக்க வேண்டும்.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். "இங்கயே ஆயிரம் கட்டிட்டுப் போ, கோர்ட்டு கேஸுன்னு அலையாதே" என்று பரிவோடு ஒரு குரல் வரும். ஹெல்மெட்டுக்கு அங்கேயே அபராதம் வாங்கலாம். குடித்து ஓட்டியதற்கு வாங்க முடியாது. அங்கேயே சமரசமாக முடித்துக்கொள்ளத் தக்க குற்றங்களின் பட்டியல் 200ஆம் பிரிவில் இருக்கிறது. 185 அந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்றத்தில்தான் தீர வேண்டும். ஆகவே சாலையில் உங்கள் கையிலிருந்து போகிற பணம் அரசுக்குப் போவதில்லை. அது யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், அடுத்த வாரம் கொடுத்தவர் குடித்துவிட்டு ஏற்றிக் கொல்லப்போகிற ஆளுக்கு மட்டும் தெரியாது.

லைசென்ஸை வாங்கி வைத்தால் அதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். அது ஆர்.டி.ஓ.வுக்குப் போகும், மூன்று மாதத்துக்குக் குறையாமல் முடக்கப்படும். வண்டியைப் பற்றி 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: கூட வந்தவர் குடிக்காமல், லைசென்ஸோடு இருந்தால் அவரிடம் வண்டியைக் கொடு, இல்லையென்றால் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லிக் கொடு, யாருமே இல்லாவிட்டால் மட்டும் ஸ்டேஷனில் வை. இங்கே இந்தத் தீர்ப்பைக் காட்டினால் உங்களுக்குச் சட்டம் தெரிகிறது என்பதற்காகவே கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்கவைப்பார்கள். இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: குடித்து ஓட்டி வண்டி நொறுங்கினால், அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சல்லிக்காசு தராது.

இத்தனை சட்டமும் யாருக்கு என்று கேட்டால் பதில் வேறொரு ரகம். 1999 ஜனவரியில் டெல்லி லோதி காலனியில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் ஆறு பேரைக் கொன்றது. அதில் மூன்று பேர் போலீஸ்காரர்கள். இரவுச் சோதனைக்காகச் சாலையில் நின்றவர்கள். ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2012 ஆயிற்று. இருந்த சிறைவாசம் போதும், சமூக சேவை செய், ஐம்பது லட்சம் கட்டு என்று விட்டார்கள். அதே 2012இல் இன்னொரு தீர்ப்பு: 2006இல் மும்பை பாந்த்ரா கார்ட்டர் சாலை ஓரத்தில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் மீது காரை ஏற்றியவருக்கு மூன்று வருடம். ஆளுக்கு ஐந்து மாதம் சொச்சம். சாலையோரத்தில் படுத்துத் தூங்குகிறவனின் உயிருக்கு இந்த நாட்டில் விலை என்ன என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

புனேயை மறந்திருக்கமாட்டீர்கள். 2024 மே 19, பின்னிரவு. பதினேழு வயதுப் பையன், நம்பர் பிளேட் இல்லாத போர்ஷே, பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் பிணம். மகாராஷ்டிரத்தில் மதுவுக்கான வயது 25. பதினைந்து மணி நேரத்துக்குள் ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். ஓர் உயிருக்கு 150 சொல். நாடே காறித் துப்பிய பிறகுதான் கிளறினார்கள். அரசு மருத்துவமனையிலேயே அவனுடைய ரத்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ரத்தத்தை வைத்ததாக டாக்டர்கள் கைதானார்கள். எக்ஸெல்காரரின் மூச்சு பொய் சொல்லாது என்று நம்புகிற சட்டம், கோடீஸ்வரர் பிள்ளையின் ரத்தத்தையே மாற்றி வைக்க முடிகிற நாட்டில்தான் நடமாடுகிறது.

பணக்காரனைத் திட்டிவிட்டால் மற்றவர்கள் யோக்கியர்களாகிவிட மாட்டார்கள். "நான் எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி மச்சான்" என்கிறானே, அவனைச் சொல்கிறேன். ஆல்கஹால் மூளையில் முதலில் கைவைப்பது, நான் ஸ்டெடியாக இல்லை என்று கண்டுபிடிக்கிற பகுதியில்தான். அதனால்தான் அவனுக்குத் தெரிவதில்லை. எதிரில் கைக்குழந்தையோடு சாலையைக் கடக்கிற பெண்ணுக்குத் தெரியும். அவனோடு டேபிளில் உட்கார்ந்து, நாலாவது ரவுண்டை ஊற்றிக் கொடுத்து, "பாத்துப் போடா" என்று முதுகில் தட்டி அனுப்புகிற நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மறுநாள் ஜி.எச். பிணவறை வாசலில் நின்று அழுவதை நான் நம்புவதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ரூம் போட்டுப் பெட்டி பெட்டியாக இறக்குகிற பெரிய மனிதர்கள், விடியுமுன் அதே பையன்களிடம் கார் சாவியைக் கொடுத்துப் பெண் வீட்டாரை அழைத்துவர அனுப்புகிறார்கள். துக்க வீட்டிலும் அதே கதைதான், எடுத்துப் போகிற பிணம் ஒன்று, திரும்பி வரும் வழியில் இன்னொன்று.

சரி, இப்படி எத்தனை பேர் சாகிறார்கள்? தமிழ்நாட்டில் 2022இல் சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுக்கச் செத்த 1,68,491 பேரில் குடித்து ஓட்டியதால் செத்தவர்கள் சுமார் இரண்டரை சதவீதம்தான் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகமாம். சனிக்கிழமை ராத்திரி எந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அரை மணி நேரம் நின்று பாருங்கள்; இந்த இரண்டரை சதவீதத்தை எழுதியவர் எதைக் குடித்திருந்தார் என்று கேட்கத் தோன்றும். கணக்கு இப்படிக் குறைகிற வழி எளிது. முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வாசகம் ஏற்கனவே மனப்பாடம். குடி என்று எழுதினால் ரத்தப் பரிசோதனை வேண்டும், தடய அறிவியல் கூடத்து அறிக்கை வேண்டும். செத்தவனே குடித்து ஓட்டியிருந்தால் அவன் குடும்பத்துக்கு வரவேண்டிய இன்சூரன்ஸ் நின்றுபோகும். எழுதுகிறவருக்குச் சோம்பல், குடும்பத்துக்குப் பயம். நடுவில் கொழுத்த லாபம் கடைக்காரருக்கு. எந்த வியாதி எத்தனை பேரைக் கொல்கிறது என்று எண்ணாமல் விட்டால், அந்த வியாதியே இல்லை என்று சொல்லிவிடலாம்.

2020ஐ ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கொரோனா பரவும் என்று மார்ச் மாதமே மூச்சுக் கருவியில் ஊதச் சொல்வதை நிறுத்தினார்கள். நியாயம். மே 7ஆம் தேதி டாஸ்மாக்கைத் திறந்தார்கள். கோயில் பூட்டியிருக்கிறது, பள்ளி பூட்டியிருக்கிறது, கடை திறந்திருக்கிறது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு அன்றைக்கும் டெல்லிக்கு ஓடியது. ஒரு வாரத்தில் தடை வாங்கிக்கொண்டு வந்து திறந்தது. விற்பனை நடந்தது, சோதனை நடக்கவில்லை. இந்த இரண்டில் எது இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று அரசு ஒரே வாரத்தில் காட்டிவிட்டது.

உண்மையாகவே உயிர் காக்க நினைக்கிற அரசு என்ன செய்யும்? பேரிகேட்டை இருட்டுத் திருப்பத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய் பார் வாசலில் போடும். வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஊதச் சொல்லும். தாண்டினால் சாவி கல்லாவில். காலையில் வந்து வாங்கிக்கொள். பாருக்கு விடுகிற ஏலத்தில் இதை ஒரு நிபந்தனையாகப் போட ஒரு பத்தி போதும். செய்யமாட்டார்கள். வாசலில் ஊதச் சொன்னால் உள்ளே வருகிறவன் குறைவான். முந்நூறு மீட்டர் தள்ளி நின்று ஊதச் சொன்னால் அவன் காசு கொடுத்துவிட்டுத்தானே அங்கே வந்திருப்பான்?

கடைசியாக ஒரு பிரிவு பாக்கியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 188. குடித்து ஓட்டுகிற குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இந்தப் பிரிவைத் தூசிதட்டி எடுத்து, குடித்தவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் மீதும் பாயும் என்று அறிவித்தது. நல்ல காரியம். ஓட்டுகிறவன் குடித்திருக்கிறான் என்று தெரிந்தும் ஏறியவனுக்குப் பத்தாயிரம் என்றால், அவன் வண்டியில் வந்திருக்கிறான் என்று தெரிந்தும், நிறுத்த இடம் கொடுத்து, வரம்பைப்போல நான்கு மடங்கை மூடி போட்டு விற்று, பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி அனுப்பிவைத்தவருக்கு எவ்வளவு? துணிச்சலுள்ள ஒரு எஸ்.ஐ. இந்த வழக்கை எழுதட்டும். குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை: தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், சி.எம்.டி.ஏ. டவர் 2, காந்தி இர்வின் சாலை, எழும்பூர், சென்னை 8.